வாளிக்கு என்ன பெயர்?

"அறைக்குள்ள போய் அலுமாரியத் திறந்து, லாச்சிக்குள்ள கிடக்கிற துவாய எடுத்துக்கொண்டு வா. வரேக்க குசினி யன்னலையும் சாத்திப்போட்டு வா."

யாழ்ப்பாணத்தில் ஓர் அம்மா இப்படிச் சொன்னால் அது அச்சொட்டான வீட்டுத்தமிழ். யாருக்கும் அதில் அந்நியமாக எதுவும் கேட்காது. ஆனால் அலுமாரி, துவாய், குசினி, யன்னல் நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். அறையைத் தவிர பொருளுக்கும் இடத்துக்குமான பெயர்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. திற, கிட, எடு, சாத்து, வா என்கிற வினைகள்தான் எங்கட சொந்தச் சரக்கு.

இன்னும் அடுக்கலாம். கதிரை, மேசை, வாங்கு, சப்பாத்து, தாச்சி, அலவாங்கு, பாண் எல்லாம் போர்த்துக்கேயத்தில் இருந்து வந்தவை. கந்தோர், கக்கூசு, போஞ்சி, நொத்தாரிசு ஒல்லாந்தத்தில் இருந்து. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைக் கலைத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் நேரடியாக ஆண்டது நாற்பது வருசத்துக்கும் குறைவு. அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. கோட்டை இடிந்துபோனாலும் கதிரை கதிரையாகவே இருக்கிறது.

இந்தச் சொற்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது எங்களுக்குப் பிடித்த விளையாட்டுத்தான். ஆனால் பட்டியலோடு விட்டால் முக்கியமான கேள்வி ஒன்று தப்பிப்போகும். ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும்போது, ஒன்றை எடுத்து மற்றதை விடுகிறோமே, அதை யார் தீர்மானிக்கிறது?

முதலில் கதிரையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது நாற்காலி. நாலு கால் உள்ளது நாற்காலி, கேட்ட உடனே பொருள் விளங்குகிறது, நல்ல தமிழ். அதைக் காட்டி "நீங்கள் ஏன் போர்த்துக்கேயச் சொல்லை வைத்திருக்கிறீர்கள்" எண்டு யாராவது கேட்டால், நாங்கள் திறப்பை எடுத்து நீட்டலாம். பூட்டைத் திறக்கிற சாமானுக்கு எங்கட பெயர் திறப்பு. திற என்கிற வினையில் இருந்து பிறந்த சுத்தமான தமிழ். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் சாவி. அது போர்த்துக்கேயச் சொல். ("திறப்புத் துலைஞ்சு போச்சு" எண்டு சென்னையில் சொன்னால், ஏதோ திறப்பு விழா நின்றுபோனது எண்டு நினைத்துக் கவலைப்படுவார்கள்.) ஆக கதிரையில் அவர்கள் வெற்றி, திறப்பில் நாங்கள் வெற்றி. யாழ்ப்பாணத் தமிழ்தான் தூய தமிழ் எண்டு எங்கட ஊரில் ஒரு பழைய பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காரர் கதிரையில் சாய்ந்து இருந்துதான் அதைச் சொல்லுவார்.

ஏன் இங்கே கதிரை, அங்கே நாற்காலி? யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடற்கரையோடு நிற்கவில்லை. காணி, குடும்பம், வரி எல்லாவற்றையும் தோம்பில் பதிந்தார்கள். கோயிற்பற்றுகள்தோறும் தேவாலயமும் அதோடு ஒரு பள்ளிக்கூடமும் வைத்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களின் கை தூத்துக்குடி, நாகபட்டினம் போன்ற கரையோரப் பட்டினங்களுக்கு அப்பால் அவ்வளவாக எட்டவில்லை. ஆட்சி வீட்டு வாசல் வரை வந்த இடத்தில் ஆட்சியின் சாமான்களும் பெயரோடு வந்தன என்று சொல்லலாம். ஆனால் இதைச் சூத்திரமாக்க ஏலாது. அப்படியெண்டால் சாவி எப்படித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது? ஜன்னலும் அலமாரியும் மதுரையின் உள்ளூர்களுக்குள்ளும் போனது எப்படி? சொற்கள் ஆட்சியைவிட வேகமாகப் பயணம் செய்யும். தச்சரும் வியாபாரியும் சமையற்காரரும் அவற்றைக் கொண்டுபோவார்கள்.

பெயர் இல்லாததால் கடன் வாங்கினோம் எண்டு சொல்வதும் முழுக்கச் சரியில்லை. யன்னலுக்குத் தமிழில் பெயர் இருந்தது. சாளரம், காலதர், பலகணி எண்டு ஒன்றுக்கு மூன்று இருந்தன. காலதர் என்றால் காற்று வரும் வழி. எவ்வளவு அழகான சொல். ஆனாலும் சட்டமும் கதவும் கொளுக்கியும் வைத்த அந்தப் புதுச் சாமான் வந்தபோது, சனம் அதைக் கொண்டுவந்தவன் சொன்ன பெயராலேயே கூப்பிட்டது. பழைய பெயர்கள் இலக்கியத்துக்குள் போய் இருந்துவிட்டன. சாளரத்துக்கு மட்டும் மறுபிறவி கிடைத்தது, கணினித் திரையில். இப்போது சுவரில் இருப்பது யன்னல், திரையில் திறப்பது சாளரம்.

சில வேளை சாமான் மாறினாலும் பெயர் மாறாது. மெட்ரிக் அளவைமுறை வந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பாண் 450 கிராம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கடைக்குப் போகிற பெடியன் கேட்பது "ஒரு றாத்தல் பாண்". றாத்தலும் போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதான், அவர்கள் அதை அரபியில் இருந்து எடுத்தார்கள். 450 கிராம் பாண் எண்டு கேட்டால் கடைக்காரர் எங்களை ஏதோ பரிசோதிக்க வந்த அதிகாரி எண்டுதான் நினைப்பார்.

இந்தப் பெயர்கள் எங்களுக்கு மட்டும் உரியவையும் இல்லை. சிங்களத்தில் யன்னல் ஜனேலய, அலுமாரி அல்மாரிய, லாச்சி லாச்சுவ, துவாய் துவாய, மேசை மேசய, குசினி குஸ்ஸிய, சப்பாத்து சப்பத்துவ. பாணுக்கு இரண்டிலும் ஒரே பெயர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. நாடு மொழியின் பெயரால் இரண்டாகப் பிரிந்தது. அந்தச் சண்டை நடந்த இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் தளபாடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருந்தது.

அப்படியான ஒரு சாமான்தான் வாளி. சிங்களத்தில் அதற்குப் பெயர் பால்திய. இதுவும் சிங்களச் சொல் இல்லை. போர்த்துக்கேய மொழியின் பால்டெ என்பதில் இருந்து வந்தது. எழுத்தில் நாங்கள் 'ப' போட்டாலும், அந்தச் சொல்லின் முதல் ஒலி 'பஸ்' எண்டு சொல்லும்போது வருகிற அதிர்கிற ஒலி. தமிழ்ச் சொற்கள் இயல்பாக அந்த ஒலியில் தொடங்குவதில்லை. அதனால் சிங்களம் அவ்வளவாகப் பழகாத தமிழர் வாயில் அது 'வால்திய' எண்டு வரும்.

1983 ஜூலையில் கும்பல்கள் பஸ்களை மறித்து ஏறின. தோற்றத்தை வைத்து யார் தமிழர், யார் சிங்களவர் எண்டு சொல்ல ஏலாது. எனவே ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். பால்திய. சரியாகச் சொன்னவர் போகலாம். 'வால்திய' எண்டவரை இறக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். அன்றைய கொழும்பைத் தாண்டி வந்தவர்களில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

இதே போன்ற சோதனை உலகத்தில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் ஆற்றுத் துறையில் நின்று கேட்ட சொல்லுக்குக் கதிர் என்று பொருள் சொல்வார்கள். 1937இல் டொமினிக்கன் குடியரசில் ஹெயிற்றியர்களைக் கொன்றபோது பார்ஸ்லிக் கீரையைக் காட்டி அதன் பெயரைக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. கதிர், கீரை, வாளி. ஏன் எப்போதும் இப்படியான சாமான்கள்? பெரிய சொற்களை ஆள் பாடமாக்கிக்கொண்டு வரலாம். எழுத்துப் பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் அரசியலமைப்புப் பற்றிக்கூடப் பேசலாம். கிணற்றடியில் கிடக்கிற சாமானின் பெயரை யாரும் பாடமாக்குவதில்லை. அது அம்மாவின் வாயில் இருந்து வருவது. கொலைகாரருக்கு இது தெரிந்திருந்தது.

எங்களை உறுத்துவது இன்னொன்று. அந்தச் சோதனைக்கு எடுத்த சொல் சிங்களத்துக்கும் இரவல். போர்த்துக்கேயன் விட்டுப்போன வாளியின் பெயரை, அவன் சொன்னதற்குக் கிட்டவாகச் சொன்னவன் சிங்களவன், கொஞ்சம் விலகிச் சொன்னவன் தமிழன்.

சொற்களைச் சுத்தம் செய்யவேண்டும் என்கிற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்தது. தமிழ்நாட்டில் வேதாசலம் என்கிற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிய மறைமலை அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். இலங்கையில் குமாரதுங்க முனிதாச 1941இல் ஹெல ஹவுல அமைப்பைத் தொடங்கி, சமஸ்கிருதமும் பாளியும் கலவாத சிங்களம் வேண்டுமென்றார். இரண்டையும் நாங்கள் பகிடியாகப் பார்க்கவில்லை. ஒரு மொழி தன்னால் எதையும் சொல்ல ஏலும் என்று நம்புவது நல்லதுதான். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கட காரைதீவில் பிறந்தவர். பௌதிகமும் இரசாயனமும் தமிழில் படிக்க ஏலுமாக இருந்ததற்கு அப்படியானவர்களின் உழைப்புக் காரணம். ஆய்வுகூடத்துச் சாமானுக்குப் பெயர் வைப்பது ஒன்று, குசினிச் சாமானின் பெயரை மாற்றுவது வேறொன்று. ஆய்வுகூடத்தில் புதிதாகப் படிக்கிறவனுக்கு எந்தப் பெயரும் புதுசுதான். குசினியில் ஏற்கனவே ஒரு பெயர் குடியிருக்கிறது.

1990இல் இந்திய இராணுவம் போனதில் இருந்து 1995 கடைசியில் இலங்கை இராணுவம் பிடிக்கும் வரைக்கும் யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கையில் இருந்தது. அவர்களின் நிர்வாகத்தில் கடைப் பலகைகள் தமிழாகின. பேக்கரி வெதுப்பகம் ஆனது. ஐஸ்கிறீம் குளிர்களி. மோட்டார் சைக்கிள் உந்துருளி, சைக்கிள் ஈருருளி. வங்கியும் பாங்க் என்பதன் தமிழ் வேசம்தான் எண்டு கண்டு, தாங்கள் தொடங்கியதற்குத் தமிழீழ வைப்பகம் எண்டு பெயர் வைத்தார்கள். (வங்கிக்கும் நாங்கள் குந்துகிற வாங்குக்கும் வேர் ஒன்றுதான். பணம் மாற்றுகிறவர்கள் இருந்து வியாபாரம் செய்த பலகையில் இருந்துதான் பாங்க் பிறந்தது.)

இவற்றில் எது நின்றது? இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் வெதுப்பகப் பலகைகளைப் பார்க்கலாம். உந்துருளி பத்திரிகையில் விபத்துச் செய்திகளில் ஓடுகிறது. ஈருருளி புலம்பெயர்ந்த நாடுகளில் ஜெனீவாவுக்கு நீதி கேட்டுப் போகிற பயணங்களின் பெயரில் உருள்கிறது. வாயில்? வெதுப்பகத்துக்குள் போய் நாங்கள் கேட்பது பாண். போவது சைக்கிளில். நல்லூர்த் திருவிழாவில் குடிப்பது, தின்பது எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளை அழுவது ஐஸ்கிறீமுக்கு. பலகையை மாற்ற ஓர் உத்தரவும் பெயின்ற் வாளியும் காணும். வாயை மாற்ற அது காணாது. ஆனாலும் வெதுப்பகம் என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். வெதுப்புதல் எண்டால் இளஞ்சூடாக்குதல், அந்தச் சொல்லில் போறணை வாசம் இருக்கிறது. பயத்தில் எழுதிய பலகை இருக்கலாம், விருப்பத்தில் எழுதியதும் இருக்கலாம். இராணுவம் வந்த பிறகும் அதைக் கழற்றாமல் விட்டவர்களிடம் யாரும் கட்டளை போடவில்லை.

பலகைகள் தமிழான அதே காலத்தில்தான் வேறொன்றும் நடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதும் இருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களின் வீட்டு மொழி தமிழ். தமிழ் எண்டால், எங்கட வீடுகளில் நாங்கள் மறந்துபோன தமிழ். கறிக்குழம்பை இலங்கை முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்பார்கள். அகராதியில் தேடினால் அகப்படுகிற பழைய சொல் அது, எங்களிடம் இல்லை. விரதம், பிரார்த்தனை எண்டு நாங்கள் வடமொழியில் சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் நோன்பு பிடித்தார்கள், தொழுதார்கள். தமிழ்ச் சொல்லுக்காகப் பலகையை அழித்து எழுதிய ஊரில் இருந்து, ஆணம் என்கிற சொல்லை வாயில் வைத்திருந்த சனம் ஒரு பையோடு நடந்து போனது. தனித்தமிழ்ப் பெயர்களைப் பற்றி எங்கட ஆட்கள் பெருமையாக எழுதுகிற கட்டுரைகளில் இந்தத் திகதி வருவதில்லை. வரவேண்டும்.

பயமும் அரசியலும் தவிர, வெட்கமும் பெயரைத் தெரிவுசெய்யும். கக்கூசைப் பாருங்கள். ஒல்லாந்தத்தில் அது மலம் கழிக்கிற வீடு எண்டு பச்சையாகச் சொல்கிற சொல். தமிழில் வந்தபோது அந்நியச் சொல் என்பதால் அந்தப் பச்சை தெரியவில்லை. "வெளிக்குப் போறன்" எண்டு சாடையாகச் சொன்ன சனத்துக்கு அது வசதியாகவே இருந்திருக்கும். பிறகு அந்தச் சொல்லும் நாறத் தொடங்கியது. பாடப்புத்தகமும் அரசாங்கமும் மலசலகூடம் எண்டு எழுதின. வீட்டில் ரொயிலற் ஆனது, பிறகு பாத்றூம், இப்ப கொழும்பில் வேலைசெய்கிற எங்கட நண்பர்களுக்கு வோஷ்றூம். குளிக்காமலே பாத்றூம் போகிறோம். இன்னும் இருபது வருசத்தில் வோஷ்றூமும் நாறும், புதுசு ஒன்று வரும்.

பெயரை மாற்றி மாற்றி நாங்கள் மூக்கைப் பொத்தினோம். அதைச் சுத்தம் செய்தவர்களுக்கு அப்படிப் பொத்த வசதி இருக்கவில்லை. நகரங்களில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் வாளியை எடுத்தவர்கள் யார், எந்தச் சாதி எண்டு தனியாகச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் கையால் மலம் அள்ளுகிற தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி 2017இல் ஆவணப்படம் எடுத்தபோது, மரியாதையான சொல் எதையும் தேடவில்லை. படத்தின் பெயர் 'கக்கூஸ்'. அந்தப் பெயர் வேண்டுமென்றே தெரிவுசெய்யப்பட்டது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மலையகத்துக்குப் போனால் இன்னொரு ஒல்லாந்தச் சொல் காத்திருக்கும். இஸ்தோப்பு. வீட்டு முன்வாசலில் இருந்து கதைக்கிற உயர்ந்த திண்ணைப் பக்கத்தை ஒல்லாந்தர் அப்படிச் சொன்னார்கள். கொழும்பில் பழைய பெரிய வீடுகளுக்குத் தூண் வைத்த அகலமான இஸ்தோப்பு உண்டு, சிங்களத்திலும் அது இஸ்தோப்புவதான். லயன் அறைக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய இடத்துக்கும் மலையகத்தில் இஸ்தோப்பு என்றே பெயர். இது யோசித்தால் விசித்திரமானது. ஒல்லாந்தர் மலைநாட்டை ஆண்டதே இல்லை. கண்டி 1815இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. தென்னிந்தியாவில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் சனத்தை நடத்திக் கொண்டுவந்தபோது ஒல்லாந்தர் நாட்டைவிட்டுப் போய்க் கனகாலம். ஒல்லாந்தரைக் கண்ணால் காணாதவர்கள், அவர்கள் ஆளாத மலையில், அவர்களின் சொல்லால் தங்கள் வாசலைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே இருக்கிற ஒரே அறை காம்பரா, அது போர்த்துக்கேயம். வரிசையின் பெயர் லயன், அது ஆங்கிலம். மூன்று ஆட்சியும் 10க்கு 12 அடி இடத்துக்குள் வந்து இருக்கின்றன.

இங்கே பெயர்த் தெரிவு என்கிற கதையே கொஞ்சம் தடக்கிறது. கதிரையையும் நாற்காலியையும் போல லயனுக்குப் பதிலாக வேறொரு பெயரை எடுக்க ஏலாது. அதை வீடு எண்டு சொல்லிப் பார்க்கலாம். சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், தங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் லயன் எண்டு சொல்லிக் கேலிப்படக் கூடாது எண்டு. ஆனால் வீடு எண்டால் அதற்கு ஓர் இலக்கம், ஒரு காணி, ஓர் உறுதி வேண்டும். கடந்த பத்து வருசத்துக்குள் 7 பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்தவர்கள் உண்டு. கிடைக்காதவர்கள்தான் கனபேர். லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால், ஆளின் பெயருக்குப் பிறகு தோட்டத்தின் பெயரைப் போட்டுத்தான் கடிதம் எழுதுகிறார்கள். வேலைக்கான நேர்முகக் கடிதமும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அப்படித்தான் வரும். அது முதலில் போவது தோட்டத்து ஆபிசுக்கு. அங்கே மேசையில் கிடந்து, யாராவது ஞாபகமாக எடுத்துக்கொண்டு வந்தால்தான் இஸ்தோப்புக்கு வந்து சேரும்.